மழையில் தண்ணீர் சேர்க்கக் கூடாது

ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தின் சுவரில், மழைநீர் சேகரிக்கும் முறையை விளக்கும் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். புனலைத் துடைக்கவும், குழாய் பாட்டிலின் அடிவரை போகிறதா என்று பார்க்கவும், மூடியை இறுக்கவும் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் அந்தத் தாள், கடைசி வரியில் திடீரென்று இப்படிச் சொல்லும்: ‘மழை குறைவாகப் பெய்தால் பாட்டிலில் வேறு தண்ணீர் சேர்க்கக் கூடாது.’

நான் ஓய்வுபெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்திருக்கும் பெண் துபாயில் பிறந்து வளர்ந்தவள். போன மாதம் போன் செய்தாள். இப்போது மலையில் தானாகவே பாட்டில் மாற்றும் கருவி வைக்கப் போகிறார்களாம். தாளைப் புதிதாக அடிக்கும் பொறுப்பு இவளுக்கு.

“ஆன்ட்டி, சீரியஸா கேக்கறேன். அந்த லாஸ்ட் லைனை எடுத்துடலாமா? மழைத் தண்ணில யாராவது வேற தண்ணி ஊத்துவாங்களா? படிக்கிறவங்க எல்லாரும் சிரிக்கிறாங்க.”

ஊற்றியிருக்கிறார்கள் அம்மா. ஊற்றியவர், வளைகுடாவில் நான் பார்த்த மனிதர்களிலேயே கை சுத்தமானவர். கை சுத்தமானவர் என்பதால்தான் ஊற்றினார். இதைப் போனில் சொன்னால் நீ பாதியில் சிரித்துவிடுவாய் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரி. வேதியியல் படித்துவிட்டு, கல்யாணமாகி, கணவருக்குப் பின்னால் இங்கே வந்தேன். அவருக்கு புஜைராவில் எண்ணெய் சேமிக்கும் டேங்குகளில் டூட்டி. வாரக் கடைசியில் மலைப்பாதை வழியாக ஷார்ஜாவுக்கு வருவார். எனக்கு வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது வாயில் வைத்த இட்லியை மென்றுகொண்டே கேட்டார்.

“மழயே பெய்யாத ஊர்ல மழைக்கு ஆள் எடுக்காங்களா? பாத்து கோமதி. சம்பளத்தையும் மழ பெய்யும்போதுதான் குடுப்போம்னு சொல்லிறப் போறாங்க.”

ஊரில் என் நாத்தனார் இன்னும் ஒரு படி மேலே போனாள். அரபு நாட்டில் மழையை வரவழைக்கும் ஆபீஸில் எனக்கு வேலை என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். ஒரு லீவில் போனபோது, தாமிரபரணியில் தண்ணீர் இல்லை, கொஞ்சம் பார்த்துச் செய்யக் கூடாதா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை என்பதுதான் கஷ்டம்.

உண்மையில் நாங்கள் மழையை வரவழைக்கவில்லை. வந்த மழை எங்கிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தோம். எல்லாத் தண்ணீரும் ஒரே எடை இல்லை. கோடிக்கணக்கான சாதாரணத் துகள்களுக்கு நடுவே கொஞ்சம் கனமான துகள்களும் கலந்திருக்கும். கடலிலிருந்து கிளம்பும் ஈரக்காற்று வழியில் மழையாகக் கொட்டும்போது, கனமானவை முதலில் இறங்கிவிடும். வெளியூர் பஸ்ஸில் மூட்டை முடிச்சுக்காரர்கள் முதல் நிறுத்தங்களிலேயே இறங்கிவிட, கைப்பையோடு வந்தவர்கள் மட்டும் கடைசிவரை போவதில்லையா, அதே மாதிரிதான். வந்து சேர்ந்த மழை லேசாக இருந்தால் நெடுந்தூரம் வந்திருக்கிறது, வழியில் நிறையக் கொட்டியிருக்கிறது என்று பொருள். கனமாக இருந்தால் பக்கத்துக் கடல்தான். இதை அளக்க ஒரு மெஷின். அந்த மெஷினுக்கு ஒரு விசேஷக் குணம் உண்டு. முந்தைய பாட்டிலின் தண்ணீரை அவ்வளவு சீக்கிரம் மறக்காது. அதனால் ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஊசியால் செலுத்தி, முதலில் வரும் எண்களைக் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிட வேண்டும். இதைக் கேட்டபிறகு என் கணவர், நான் பழைய சண்டையை எடுக்கும்போதெல்லாம் முதல் நான்கு வாக்கியங்களைத் தள்ளிவிட்டுக் கேட்பதாகச் சொல்லிக்கொண்டார்.

எங்கள் தலைவர் டாக்டர் இத்ரீஸ், சூடான்காரர். நைல் நதிக்கரையில் பிறந்து, ஆறே இல்லாத நாட்டில் வேலைக்கு வந்து, தலைக்கு மேலே ஆறு தேடிக்கொண்டிருந்தார். சும்மா சொல்லவில்லை, வானத்து ஆறு என்று ஒன்று உண்டு. பல தேசங்களின் நீளத்துக்கு, ஒல்லியாக, ஈரக்காற்று பட்டையாக ஓடிவரும். பூமியில் ஓடும் பெரிய ஆறுகளைவிட அதில் தண்ணீர் அதிகம். எப்போதாவது அப்படி ஒன்று ஆப்பிரிக்காவையும் செங்கடலையும் தாண்டி எங்கள் மலைமேல் வந்து முட்டும். அப்போது பெய்கிற பேய்மழையில் எவ்வளவு அந்தத் தூரத்துத் தண்ணீர், எவ்வளவு பக்கத்துக் கடல் என்பது அவருடைய கேள்வி. வாழ்நாள் முழுக்க அவருக்கு இருந்தது அந்த ஒரு கேள்விதான்.

ஆள் நெட்டை. குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். சந்தோஷம் வந்தாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதனால் எது என்று தெரியாமல் நாங்கள் சுவரோரம் நிற்போம். மழை வந்தால் ஊரே லீவு விட்டுவிட்டு ஜன்னலோரம் போனோடு நிற்கும், எங்களுக்கு மட்டும் டூட்டி. அவர் மழையைப் பார்த்து ரசித்ததை நான் பார்த்ததில்லை. மொட்டை மாடியில் புனலுக்குப் பக்கத்தில், ஐ.சி.யூ. வாசலில் நிற்பவர் மாதிரி நிற்பார். சாம்பிள் அறைக்குள் தேநீர் கூடாது, குடிக்கும் தண்ணீர் கூடாது, ஈரக்குடை கூடவே கூடாது. குடை என்று ஒன்று என்னிடம் இருந்ததே அங்கே பலருக்கு ஆச்சரியம், அது வேறு விஷயம்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. ஒருவர் கையிலிருந்து வந்த பாட்டில்களில் ஒன்றில் சந்தேகம் வந்தாலும், அந்தக் கையிலிருந்து வந்த எல்லாமே குப்பை. ராஸ் அல் கைமாவில் ஒரு பள்ளிக்கூட மாடியிலிருந்து குளிர்காலம் முழுக்கச் சேர்த்த பாட்டில்களை, ஒரே ஒரு மூடி தளர்ந்திருந்ததற்காக அவர் தொட்டியில் கவிழ்த்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஊரில் அடுத்த மழைக்கு ஒரு வருஷம் காத்திருந்தோம். தொட்டியில் ஊற்றும்போதுகூட அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியை மட்டும் துடைத்தார்.

மலையில் ஒரு நிலையம் வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே அவருக்கு ஆசை. முதலில் ஒரு தோட்டத்தில் வைத்தோம், ஆடு குழாயைத் தின்றுவிட்டது. மழை எப்போது பெய்தாலும் இடத்தை விட்டு நகராமல் இருக்கக்கூடிய ஆள் வேண்டும் என்றார் டாக்டர். அப்படிப்பட்ட ஆள் இந்த நாட்டில் பக்காலா வைத்திருப்பவர்தான் என்று என் கணவர் சொன்னார். பக்காலா என்றால் இங்கே மளிகைக்கடை. புஜைராவிலிருந்து வரும்போது அவர் தேநீருக்கு நிறுத்தும் கடை ஒன்று ஹஜர் மலைக்குள், வாதி எனப்படும் காட்டாறு திரும்பும் இடத்தில் இருந்தது. கடைக்காரர் காயல்பட்டினத்துச் செய்யது. காயலில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நாங்களும் செய்யது காக்கா என்றே கூப்பிட்டோம்.

காக்கா தராசில் அரிசி போடுவதைப் பார்க்க வேண்டும். எண் சரியாக வந்து நின்ற பிறகும் அவர் கை நிற்காது. ஒரு பிடி எடுத்து மேலே போடுவார். சர்க்கரைக்கு ஒரு பிடி, பருப்புக்கு ஒரு பிடி, பேரீச்சம்பழத்துக்கு இரண்டு. அளவு குறைந்தால் தூக்கம் வராது என்பார். அது வியாபார தந்திரம் இல்லை. அந்த மலையில் பத்து மைலுக்கு வேறு கடை கிடையாது, தந்திரம் செய்யத் தேவையே இல்லை.

அவர் கடை மாடியில் புனலை மாட்டி, நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பாட்டில் விளிம்புவரை நிறைந்திருக்க வேண்டும், உள்ளே காற்றுக்கு இடம் இருந்தால் தண்ணீர் ஆவியாகி எண் மாறிவிடும், மழை குறைவென்றால் சின்னப் பாட்டிலில் ஊற்றி அதை நிறைத்து அனுப்ப வேண்டும் என்று விளக்கினேன். பெரிதும் சின்னதுமாக இரண்டு அளவு பாட்டில்கள் கொடுத்தேன். காக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு தூறலுக்கும் என் கணவர் பெட்டியைக் கொண்டுவந்து சேர்த்ததும் காக்காவிடமிருந்து போன் வரும். நலமா என்றுகூடக் கேட்க மாட்டார், நேராக விஷயம்தான்.

“நிறைஞ்சிருந்திச்சா தங்கச்சி?”

“நிறைஞ்சிருந்துச்சு காக்கா.”

“அல்ஹம்துலில்லாஹ்.”

பிறகு அந்தப் பெரிய மழை வந்தது. எதைச் சொல்கிறேன் என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், கார்கள் மிதந்த மழை. அது மேகத்தில் மருந்து தூவி வரவழைத்தது என்று இன்றைக்கும் சலூனில் அடித்துச் சொல்கிறார்கள். டாக்டர் அதற்குச் சில நாள் முன்பே செயற்கைக்கோள் படத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து நீண்டுவந்த வெள்ளைப் பட்டையை விரலால் தடவிக்கொண்டு, “வருகிறது” என்று மட்டும் சொன்னார். அவருடைய ஒப்பந்தம் அடுத்த குளிர்காலத்தோடு முடிகிறது. நீட்டிக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள். இந்த மழையை விட்டால் அவர் காலத்தில் இப்படி வேறு பெரிய மழை இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எண் ஒட்டிய பாட்டில்களைப் பெரிதும் சின்னதுமாகப் பெட்டி பெட்டியாக என் கணவர் கொண்டுபோய்க் காக்காவிடம் கொடுத்தார். மணிக்கொரு பாட்டில் மாற்ற வேண்டும் என்பது உத்தரவு.

மழை பெய்த நேரம் முழுக்க நான் ஷார்ஜாவில் எங்கள் கட்டடத்துக்குள் மாட்டிக்கொண்டேன். கீழே கார் நிறுத்துமிடம் குளமாகிவிட்டது. காக்காவுக்குப் போன் போகவில்லை. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, பாட்டில்களைப் பற்றி ஏதாவது தெரியுமா என்றார். காக்காவைப் பற்றியே ஒன்றும் தெரியவில்லை என்றேன். ஆமாம், முதலில் அவர்தான் என்றார். அவர் பாட்டிலுக்கு முன்னால் ஒரு மனிதரை வைத்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

சாலை திறந்ததும் என் கணவர் போய்ப் பெட்டிகளைக் கொண்டுவந்தார். காக்கா பத்திரமாக இருந்தார். கடைக்குள் முழங்கால் வரை வாதித் தண்ணீர் புகுந்து, அரிசி மூட்டைகள் எல்லாம் போய்விட்டன. அந்த நேரத்தில் மனிதர் மாடியில் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் பெட்டிகளில் ஒரு துளி ஈரம் இல்லை. மூடிகள் அத்தனையும் இறுக்கம், வரிசை பிசகவில்லை, எல்லாம் விளிம்புவரை நிறைந்திருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார்.

மெஷினில் ஓட்டினேன். ஆரம்பத் தூறல் கனமாக இருந்தது, அது வழக்கம்தான். பிறகு மழை வலுக்க வலுக்க லேசாகிக்கொண்டே போனது, நெடுந்தூரம் வந்த தண்ணீர். நடுவில், மழை சற்று ஓய்ந்த மணிகளில் மட்டும் மெஷின் வரைந்த கோடு திடீரென்று எழும்பிக் கனமான கடல் பக்கம் போய் வந்தது. மறுபடி கொட்டியபோது மறுபடி லேசு. இன்னொரு ஓய்வில் இன்னொரு எழும்பல். டாக்டர் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் மேலும் கீழுமாக நடந்தார், ஏதோ பாட்டை முணுமுணுத்தார். கண்ணாடியை எதற்காகத் துடைக்கிறார் என்று அன்றைக்கு எங்களுக்கு முதல்முறையாகச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. வானத்து ஆறு கொஞ்சம் மூச்சு வாங்கும்போதெல்லாம் பக்கத்துக் கடலின் ஈரம் உள்ளே நுழைகிறது என்பது அவர் முடிவு. யாரும் இதுவரை காட்டாத விஷயம். ஓமனில், சலாலாவில் நடக்கவிருந்த ஆய்வாளர் கூட்டத்தில் சொல்வதற்கு எழுத ஆரம்பித்துவிட்டார்.

காலிப் பெட்டிகளை அடுக்கி வைக்கும்போதுதான் நான் அதைப் பார்த்தேன். சின்னப் பாட்டில்கள் எல்லாம் பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள் அப்படியே திரும்பி வந்திருந்தன. ஒன்றுகூடப் பயன்படவில்லை. காக்கா கடை மாடியில் புனலோடு வைத்திருந்த மழைமானியின் கணக்கை எடுத்துப் பார்த்தேன். மழை ஓய்ந்த மணிகளில் பெய்தது பெரிய பாட்டிலில் பாதிகூட வராது. ஆனால் பாட்டில் நிறைந்து வந்திருக்கிறது. பழைய தூறல்களின் பெட்டிகளையும் தேடிப் பார்த்தேன். சின்னப் பாட்டிலில் மழை என்றைக்கும் வந்ததே இல்லை. வந்ததெல்லாம் பெரியவைதான்.

அடுத்த வாரக் கடைசியில் கணவரோடு மலைக்குப் போனேன். தண்ணீர் கலந்தீர்களா என்பது பால்காரரிடம் கேட்கும் கேள்வி. தராசில் எண் வந்த பிறகும் ஒரு பிடி போடும் மனிதரிடம் அதை எப்படிக் கேட்பது? வழி முழுக்க வாக்கியம் கட்டிக் கட்டிக் கலைத்தேன். கேட்டுத் தொலை, அவர் ஒன்றும் உன்னைக் கடித்துவிட மாட்டார் என்றார் என் கணவர்.

கடை வாசலில் நனைந்த சாமான்கள் இன்னும் காய்ந்துகொண்டிருந்தன. காக்கா பால் சேர்க்காத சுலைமானித் தேநீர் கொடுத்து, ரிசல்ட் நன்றாக வந்ததா என்று விசாரித்தார். நான் சுற்றி வளைத்து, சின்னப் பாட்டில்கள் ஏன் அப்படியே திரும்பி வந்தன என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

“சின்னப் பாட்டிலா? பெரிய பாட்டில் குடுத்துவுட்டியளே, அதுல கொறையா அனுப்புனா கடைக்குப் பேரு என்னாவும்? நீங்கதானே நிறைய ஈக்கணும், காத்து ஈக்கப்படாதுன்னு சொன்னிய. மழ கொறைஞ்ச நேரத்துல நம்ம தண்ணிய ஊத்தி நிறைச்சேன்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னைச் சமாதானப்படுத்துவதுபோலக் குரலைத் தாழ்த்தினார். “கொழாத் தண்ணிய ஊத்துவனா தங்கச்சி? சீலு ஒடைக்காத பாட்டிலு. ஒசந்த கம்பெனி.”

உயர்ந்த கம்பெனிதான். ஆனால் கடல்நீரைச் சுத்திகரித்துப் பாட்டிலில் அடைக்கும் நாடு இது, அந்தத் தண்ணீருக்குத் தாய் கடல். உப்பை எடுத்துவிட்டாலும் கடலின் கனம் அதில் அப்படியே இருக்கும். டாக்டர் கண்டுபிடித்த கடல் ஈரம், காக்காவின் அலமாரியிலிருந்து வந்திருந்தது.

அன்று நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

டாக்டரிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். திங்கள்கிழமை கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். அவர் நான் முடிக்கும்வரை கேட்டார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. மேஜையில் இருந்த சலாலாக் கட்டுரையின் தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கிக் கவிழ்த்து வைத்தார். பிறகு, மலைப் பாட்டில்கள் எல்லாவற்றையும் தொட்டிக்குக் கொண்டுபோகச் சொன்னார். எல்லாவற்றையுமா என்றேன். சட்டம் உங்களுக்குத் தெரியும் மேடம் என்றார். அவர் குரல் உடைந்திருந்தது, அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை.

அத்தனை வருஷத்தில் நான் அவரை எதிர்த்துப் பேசியது அன்றுதான். கொட்டிய நேரத்தில் பாட்டில்கள் தானாகவே நிறைந்திருக்கும், அவற்றில் காக்கா கை வைத்திருக்க மாட்டார், எதில் ஊற்றினார் எதில் ஊற்றவில்லை என்று அவரையே கேட்கலாம் என்றேன். ஞாபகத்தை நம்பி அறிவியல் செய்ய முடியாது என்றார் டாக்டர். அவர் தவறாகச் சொன்னால் நமக்கு எப்படித் தெரியும் என்றார். நான் ஆங்கிலத்தில் தேடித் தேடிப் பார்த்தேன், சரியான சொல் கிடைக்கவில்லை. “அவர் அரிசி நிறுப்பதை நீங்கள் ஒருதடவை பார்க்க வேண்டும்” என்றேன். வாதமே இல்லை அது. ஆனால் டாக்டர் கார் சாவியை எடுத்தார்.

காக்கா அவரைக் கண்டதும் பதறிப்போய், பாதாம் பருப்பும் பேரீச்சம்பழமும் எடுத்துவைத்தார். டாக்டர் குளிர்பானக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். நாங்கள் கொண்டுபோன பாட்டில்களை எண் வரிசையில் கல்லாமேஜையில் வைத்தேன். இருவரும் அரபியில் பேசினார்கள். எந்த மணியில் என்ன நடந்தது என்று டாக்டர் கேட்கக் கேட்க, காக்கா ஒவ்வொரு பாட்டிலாகத் தொட்டுச் சொன்னார். இது கரண்ட் போன நேரம், மேலிருந்து கொட்டித் தானாக நிறைந்தது. இது பெப்சி கிரேட் மிதந்துபோன நேரம், இதுவும் தானாக நிறைந்தது. இது தொழுகைக்குப் பிறகு மழை ஓய்ந்தது, இதில் ஊற்றினேன். இதிலும் ஊற்றினேன். மெஷின் காட்டிக்கொடுத்த பாட்டில்களின் எண்களை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். காக்கா தொட்டுச் சொன்னவை அத்தனையும் அவைதான், ஒன்றுகூட விடுபடவில்லை. டாக்டரிடம் கண்ணால் சொன்னேன்.

முடிந்தது என்று எழுந்திருக்கப் போனோம். காக்கா கையைக் காட்டி நிறுத்தினார். வரிசையின் ஓரத்தில், மெஷின் நல்லது என்று சொல்லியிருந்த பாட்டில் ஒன்றை எடுத்து டாக்டரின் முன்னால் வைத்தார். இதிலும் ஒரு மூடி ஊற்றினேன், கழுத்துவரைதான் குறைந்திருந்தது என்றார்.

அது எங்களுக்குத் தெரியவே தெரியாது. அவர் சொல்லாவிட்டால் என்றைக்கும் தெரிந்திருக்காது. டாக்டர் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காக்காவுக்கு அதற்குள் புரிந்துவிட்டது. இத்தனை தூரம் இரண்டு பேர் வந்து, ஊற்றினீர்களா ஊற்றினீர்களா என்று கேட்டால் புரியாதா? அவர் டாக்டரை விட்டு என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

“தங்கச்சி, அப்ப நா கலப்படமா பண்ணிட்டேன்?”

அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டிருக்கவே வேண்டாம் என்று நினைத்தேன். காக்கா என்ன கேட்கிறார் என்று டாக்டர் விசாரித்தார், சொன்னேன். அவர் கிரேட்டிலிருந்து எழுந்து, கல்லாமேஜைக்கு அந்தப் பக்கம் போய், காக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அரபியில் மெதுவாகச் சொன்னார், எனக்குப் புரியட்டும் என்றும் இருக்கலாம்.

“வானம் கொடுத்ததற்கு மேல் நீங்கள் கொடுத்துவிட்டீர்கள், ஹாஜி. வானம் எவ்வளவு கொடுத்தது என்பது மட்டும்தான் எனக்கு வேண்டும்.”

காக்கா உள்ளே போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். கிளம்பும்போது டாக்டர் அதே கம்பெனித் தண்ணீர் ஒரு பாட்டில் வாங்கினார். காக்கா காசு வாங்க மறுத்து, கூட ஒன்றையும் கொடுத்தார். அவர் கையை என்ன செய்ய முடியும்?

அந்தத் தண்ணீரை மெஷினில் ஓட்டினோம். காக்கா ஊற்றியதாகச் சொன்ன பாட்டில்கள் எல்லாம், மழைக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவே அளவுகோலால் கோடு போட்டதுபோல வரிசையாக உட்கார்ந்தன. ஒரு மூடி மட்டும் ஊற்றிய அந்தப் பாட்டிலும் மழையை ஒட்டினாற்போல அதே கோட்டில்தான் இருந்தது, இப்போது தேடியதால் தெரிந்தது. மற்றவை தொடாத மழை. டாக்டர் தன் சட்டத்தை உடைத்து அவற்றை வைத்துக்கொண்டார். மழை கொட்டித் தீர்த்த மணிகளின் தண்ணீர் நெடுந்தூரம் வந்தது என்பதில் சந்தேகமே இல்லை. அவர் தேடிய ஆறு அங்கே இருந்தது. பக்கத்துக் கடல் நடுவில் நுழைந்ததா என்பது மட்டும் தெரியாது என்று சலாலாவில் எழுந்து நின்று சொன்னார். படத்தில் ஏன் அங்கங்கே இடைவெளி என்று யாரோ கேட்டார்களாம். “அந்த மணிகளில் எங்கள் கடைக்காரர் தாராளமாக இருந்தார்” என்று பதில் சொல்லிவிட்டு, தானே சிரித்தாராம். அந்தக் கூட்டத்தில் வேறு யாருக்கும் புரிந்திருக்காது.

திரும்பி வந்ததும் அந்தக் கடைசி வரியைத் தன் கையாலேயே தாளில் சேர்த்தார். யாருடைய பெயரும் வரக் கூடாது என்றார்.

எனக்குப் பயம் வேறாக இருந்தது. காக்கா இனி பாட்டிலைத் தொட மாட்டார் என்று நினைத்தேன். அந்தக் குளிர்காலத்தில், டாக்டரின் கடைசி வாரத்தில், மலையில் ஒரு சின்னத் தூறல் விழுந்தது. என் கணவர் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நீயே பார் என்று சிரித்தார். உள்ளே ஒரு சின்னப் பாட்டில், விளிம்புவரை நிறைந்து, மூடி இறுக்கி இருந்தது. அதற்குப் பக்கத்தில், துணி சுற்றி, ஒசந்த கம்பெனித் தண்ணீர் ஒரு பெரிய பாட்டில், சீல் உடைக்காமல். பெரிய பாட்டிலுக்கு மழை வைத்த குறையைக் காக்கா தனியாக அனுப்பியிருந்தார்.

டாக்டர் சின்னதை உள்ளே கொண்டுபோய் எடை போட்டு வைத்தார். பெரியதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னை மாடிப்படிக்குக் கூப்பிட்டார். சாம்பிள் அறைப் பக்கம் குடிக்கும் தண்ணீரைக் கண்டாலே முகம் சுருங்கும் மனிதர், அதன் சீலைத் திருகினார்.

“இது சாம்பிள் இல்லை மேடம். யல்லா, குடிப்போம்.”

பாதியை அவர் குடித்தார், பாதியை என்னிடம் நீட்டினார். ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தேன். அன்று மாலை வழக்கம்போல் போன் வந்தது.

“நிறைஞ்சிருந்திச்சா தங்கச்சி?”

“நிறைஞ்சிருந்துச்சு காக்கா. டாக்டர் குடிச்சிட்டாரு.”

காக்கா பதறினார்.

“எத? மழயவா?”

“இல்ல காக்கா. ஒங்க தண்ணிய.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் காக்கா. போனை வைத்த பிறகும் அவர் சிரித்துக்கொண்டிருந்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அதனால் அந்த வரியை எடுக்காதே அம்மா. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.